முள்கம்பி மாப்பிள்ளைகள்

எனக்குப் படம் வரையத்தான் வரும். துப்பாக்கி சுடுவதில் நான் சுமார் என்று என் அதிகாரிகளே சொல்வார்கள், ஐயா.

தண்ணீரே இல்லாத சாக்கோ காட்டுப் போர்முனைக்குப் போனபின், பிஸ்கட் பெட்டி அட்டைகளில் கரிக்கட்டியால் 'முள்கம்பி மாப்பிள்ளைகள்' என்று ஒரு படக்கதை போட்டேன். வாரம் ஒரு அட்டை, பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி கைமாறும். அதில் சண்டையே கிடையாது, காதல்தான். தலைநகர் அசுன்சியோன் பெண்கள் ஆளுக்கொரு சிப்பாய்க்குப் போர் ஞானத்தாயாகி, முகம் தெரியாதவனுக்குக் கடிதமும் சிகரெட்டும் அனுப்புவார்களே, அந்தக் கூத்து. முதல் கடிதத்தில் 'மகனே'. மூன்றாவதில் 'கண்ணே'.

என் கதாநாயகன் கசியானோ, எங்கள் படைப்பிரிவிலேயே இருந்தவன். அவனுடைய ஞானத்தாய் ஒதிலியா, ஒரு தையல்காரி. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்ததை வாசிப்பதும் பதில் எழுதுவதும் நான்தான். கிழிந்த கால்சட்டையோடு, ஒரு குடுவைத் தண்ணீரைச் சீர்வரிசையாக ஏந்திப் பெண் கேட்கப் போகிறவனாக அவனை வரைவேன்.

"என்னண்ணே, மூக்கை இவ்ளோ பெருசா போட்டுட்டீங்க? அவ பாத்தா ஓடிருவா."

"மூக்குக்கே ஓடுறவ உன் கால் நாத்தத்துக்கு எப்படிடா நிப்பா?"

ஜனவரியில் தண்ணீர் லாரிகள் வருவது நின்றது. தேநீர் மாதிரிக் குடிக்கும் யெர்பா இலையை ஊறவைக்க வழியில்லாமல் வெறுமனே மென்றோம். ஊருக்கு அனுப்புவார்கள் என்று இரண்டு பேர் தங்கள் காலிலேயே சுட்டுக்கொண்டார்கள். நம்பிக்கை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "உன் அட்டை வர்ற வரைக்கும்தான் இவனுங்க இங்க இருப்பானுங்க" என்றார் லெப்டினன்ட். அந்த அட்டையை நம்பி எங்கள் பிரிவில் அறுபது உயிர், ஐயா. அதை நீங்கள் மறக்கக்கூடாது.

கசியானோவுக்கு வயிற்றுப்போக்கு. அவன் சொல்லச் சொல்ல அதையும் ஒதிலியாவுக்கு எழுதியிருந்தேன். நோயாளிகளை ஏற்றிப்போகும் கடைசி லாரியில் மருத்துவர் அவனுக்கு இடம் கொடுத்தார். அன்றுதான் அவள் பதிலும் வந்தது. வாசித்தேன்: "வயிற்று நோவுக்குத் திரும்பி வருகிறவனை நான் கட்டமாட்டேன். ஜெயித்து வா. காத்திருப்பேன்."

அவன் சிரித்தான். தன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. நாயகன் போய்விட்டால் கதை ஏது?

லாரி போன நான்காம் நாள் அவனுக்கு உதடு வெடித்து, பேச்சு குழறியது. கடிதத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"அன்னிக்கு வேற மாதிரி படிச்சீங்களே அண்ணே. கடைசியில காத்திருப்பேன்னு இருந்துச்சு."

"கண்ணு மங்குதுடா. விட்டுட்டேன்."

"எந்த வரி அது? காட்டுங்க."

அவன் விரலைப் பிடித்து ஒரு வரியின்மேல் வைத்தேன். வெகுநேரம் என்னையே பார்த்தான். தாகத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நண்பகலில் போய்விட்டான், விரலை எடுக்கவில்லை.

அடுத்த அட்டையில் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். அவனுக்காக நான் செய்ததை வேறு யார் செய்திருப்பார்கள்? பார்த்தவர்கள் அழும்வரை சிரித்தார்கள்.

அந்த வரியில் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். "வெட்கப்படாதே, லாரி கிடைத்தால் ஏறி வந்துவிடு, படகுத்துறையில் நான் நிற்பேன்" என்று இருந்தது.

நீங்களே சொல்லுங்கள் ஐயா, அதை வைத்து நான் என்ன படம் வரைவது?