பழைய குரலையே போடுங்க

— எனக்கு என்ன வருத்தம் தாயி? மிசினு பேசுனா பேசிட்டுப் போவுது. எந்தொண்டைக்கும் ஓய்வு.

— அப்படி இல்லக்கா. எட்டு மாசமா நீங்கதான் பேசுதீங்க. நாளைக்கு எந்த உப்பளத்துல வேல, வேன் எத்தன மணிக்கு, மழ வருமான்னு போன் அடிச்சா எல்லாருக்கும் உங்க குரல்தான். இனிமே கம்ப்யூட்டர் குரல்னு வந்து சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

— ஏளா ஜெனிலா, நீ காலேஜுல படிக்கிற பிள்ள. நாலு பேரு சேந்து ஒரு கம்பெனி வச்சிருக்கிய. எப்பவும் இந்தப் பேச்சித்தாய் வீட்டுல வந்து, யக்கா ஃபேன நிறுத்துங்க, யக்கா கோழிய வெரட்டுங்கன்னு கெஞ்சிட்டா இருப்ப?

— எங்க நாலு பேருல அனிஷும் அதத்தான் சொன்னான். தினமும் முத்தையாபுரத்துக்கு பஸ் ஏற வேண்டாம், எழுதிப் போட்டா அதுவே வாசிச்சிரும்னு.

— பொறவென்ன? டீயக் குடி, ஆறுது.

— குடிக்கேன். ஆனா இன்னைக்கி வந்தது அதுக்கு இல்லக்கா. முந்தாநாளு அந்தக் குரல ஓட்டிப் பாத்தோம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு நம்பர்தான்.

— ஏசிட்டாளுவளா?

— இல்ல. அந்த நம்பர்லருந்து நாலு மாசமா தினமும் மத்தியானம் மூணு மணிக்குப் போன் வரும். ஒரு பட்டனும் அமுக்க மாட்டாங்க. நீங்க பேசுறத முழுசாக் கேட்டுட்டு வச்சிருவாங்க. சும்மா லைன அடைக்குதுன்னு அனிஷ் அதத் தடுத்துரப் பாத்தான். முந்தாநாளு புதுக் குரல் வந்ததும் உடனே வச்சிட்டாங்க. திரும்ப அடிச்சாங்க, திரும்ப வச்சாங்க. பதினோரு தடவ.

— பதினோரு தடவயா?

— ஆமா. கடைசியில புகார் சொல்ற பட்டன அமுக்கிப் பேசியிருக்காங்க. கேட்டா நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதான் லேப்டாப்பத் தூக்கிட்டு வந்தேன். இந்தா, போடுதேன்.

— “ஹலோ... யாருகிட்டச் சொல்லணும்னு தெரியல. பழைய குரலையே போடுங்க. எம்பிள்ள அதக் கேட்டுத்தான் தூங்கும். ஏ, அழாதல... இரு, ஆச்சி பேசுவா, இரு...”

— பாத்தீங்களாக்கா! உங்க பேச்சு தாலாட்டா ஆயிட்டு. வயசான ஆளுன்னு நெனச்சு, பாட்டியக் கூப்பிடுற மாதிரி ஆச்சின்னுட்டாங்க, அதுக்குக் கோவப்படாதீங்க. யக்கா? என்னக்கா ஆச்சு?

— இன்னொரு மட்டம் போடு.

— “...எம்பிள்ள அதக் கேட்டுத்தான் தூங்கும். ஏ, அழாதல... இரு, ஆச்சி பேசுவா, இரு...”

— ஆம்பளப் பிள்ளையா? அழாதலன்னுதான சொன்னா?

— ஆமா. சத்தத்தப் பாத்தா எட்டு, ஒம்பது மாசம் இருக்கும். யாருக்கா அது?

— எம்மவ. ஜெயபிரியா.

— மகளா? இத்தன நாள்ல ஒரு தடவ கூட நீங்க சொன்னதில்லயே.

— சொல்ல எனக்கு மூஞ்சி வேணும்லா. மூணு வருசத்துக்கு முன்ன, பெரியதாழையில ஜோன்ஸுன்னு ஒரு பையன், கடலுக்குப் போறவன், அவன் கூடப் போயிட்டா. ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வந்து வாசல்ல நின்னாவ. நான் அப்பத்தான் அளத்துலருந்து வந்தேன், கையில உப்பு கூடக் கழுவல. அந்தக் கையோட கதவச் சாத்துனேன். எனக்கு மவளே இல்லன்னு உள்ள இருந்து கத்துனேன். கதவுக்குக் கீழ அவ காலு ரெண்டும் தெரிஞ்சிது. ரொம்ப நேரம் நின்னா. பொறவு காலக் காணோம்.

— யக்கா, அழாதீங்க. எனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியல. யார் கூப்பிட்டாங்கன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு நாங்க எழுதியே வச்சிருக்கோம். இல்லன்னா புகார் சொல்லப் பொம்பளைங்க பயப்படுவாங்க. அந்த நம்பர நான் உங்களுக்கு...

— நான் நம்பரு கேட்டனா?

— கேக்கல.

— அந்த ஒரு நம்பருக்கு மட்டும் வேற பேச்சு வைக்க முடியுமா?

— முடியும்க்கா. அஞ்சு நிமிசம் போதும்.

— அப்ப எந்திரிச்சு ஃபேன நிறுத்து.

— நிறுத்திட்டேன். ம், பேசுங்க.

— வணக்கம். நாளைக்கு வேன்... ச்சே. வாயி தன்னால அங்கனயே போவுது.

— பரவால்லக்கா. மூச்சு விட்டுட்டு மெதுவாப் பேசுங்க.

— ஏளா பிரியா. அம்மா பேசுதேன். வேன் நேரம் சொல்ல வரல. நான் கதவச் சாத்துனது தப்பு. சாத்துன கையோடயே தெரிஞ்சிது, தொறக்கத்தான் ரோசம் விடல. நீ பிள்ளையுண்டானது கூட எனக்குத் தெரியாது பாத்துக்க. யாரு வெந்நி வச்சிக் குடுத்தா? யாரு பிள்ளையக் குளுப்பாட்டுனா? அவனுக்கு என்ன பேரு வச்சிருக்க? மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. மூணு பேரும் வாங்க. நான் வீட்டுலதான் இருக்கேன். ம்... அம்புட்டுத்தான்.

— ம்.

— நீ எதுக்கு அழுத? அழிச்சிட்டு நல்லா ஒண்ணு பேசவா?

— வேண்டாம்க்கா. இதுவே இருக்கட்டும். இந்தா, ஏத்திட்டேன்.

— மணி என்ன?

— ரெண்டு அம்பத்தெட்டு. ஆனா யக்கா, நேத்து அவங்க கூப்பிடல. குரல் மாறிட்டுன்னு வெறுத்துப் போயிருந்தாங்கன்னா...

— பேசாம இரு. பாப்போம்.

— மூணு மணி ஆயிட்டு.

— ம்.

— மூணு அஞ்சு. யக்கா! இங்க பாருங்க, பச்சையா எரியுதுல்லா, அவங்கதான்! கேட்டுட்டு இருக்காங்க.

— எது வரைக்கும் கேட்டிருப்பா?

— பாதி தாண்டிட்டு. முடியப் போவுது. முடிஞ்சிட்டு. ஆனா வைக்கல, அப்படியே இருக்காங்க. ஐயோ, வச்சிட்டாங்க.

— போட்டும். கேட்டால்லா, அது போதும்.

— யக்கா, உங்க போனு அடிக்கி. பேரு வரல, நம்பர் மட்டுந்தான். ஏசப்பா, இது அதே நம்பர்!

— தெரியும் தாயி. எழுத்துதான் எனக்கு வராது, அந்தப் பத்து நம்பரும் மூணு வருசமா மனப்பாடம்.

— தெரிஞ்சா ஏங்கா ஒரு நாள் கூட நீங்க கூப்பிடல?

— நான் கூப்பிட்டா எங்குரலக் கேட்டதும் வச்சிருவாளோன்னு பயம். அதான் ஊரு பூராவும் கேக்கப் பேசுறதுக்கு நீங்க ஆளு தேடி வந்தன்னைக்கி முந்திக்கிட்டுக் கையத் தூக்குனேன், இந்த போன் நம்பர நீங்க அச்சடிச்சுக் குடுத்த நோட்டீசையும் பெரியதாழைக்குப் போற பஸ்ஸுல ஒவ்வொரு சீட்டுலயும் நாந்தான் வச்சிட்டு வந்தேன்.