மாப்பிள்ளை கேட்ட ஸ்டாண்டு

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடலாமா வேண்டாமா என்றால், எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது சார். பால்காரர் ஓட்டுகிற மாதிரி கனமான இரும்பு வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நீங்கள் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, இந்த ரக வண்டிக்குக் கூடாது.

இதன் குழாய் அலுமினியம். விரலால் தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் வரும். ஸ்டாண்டை எங்கே மாட்டுவோம் தெரியுமா? பெடல் அச்சுக்குப் பின்னால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இந்த இரண்டு குழாய்க்கும் நடுவில். மேலே ஒரு தகடு, கீழே ஸ்டாண்டு, இரண்டையும் சேர்க்க ஒரு போல்ட். இறுக்க இறுக்கத் தகடு குழாய்களைக் கவ்வும். தளர்வாக விட்டால் ஸ்டாண்டு ஆடும். கூடுதலாக இறுக்கினால் குழாய் நசுங்கும். நசுங்கின இடத்தில்தான் என்றைக்காவது உடையும். இந்த வண்டி உடைந்திருப்பதும் அங்கேதான், பாருங்கள்.

வண்டி செய்த கம்பெனிமேல் தப்பு இருக்கிறதா என்று தொழில் தெரிந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டுப்போக போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறீர்கள். இருக்கிறது என்று நான் சொன்னால் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். கம்பெனிமேல் தப்பு இல்லை சார். நல்ல வண்டி. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம், இப்படி பெஞ்சில் உட்காருங்கள். சொல்கிறேன்.

இந்த வண்டியில் போய் இறந்தவர் என் தங்கையின் வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் வேலை. கலகலப்பான ஆள். ஆனால் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. குடையை மறப்பார், சாவியை மறப்பார். சைக்கிளைக் கண்ட இடத்தில் சாய்த்துவிட்டுப் போவார், அது சரிந்து விழும். என் கடை ஷட்டரிலும் சாய்ப்பார். சாயங்காலம் ஹேண்டில்பார் ஷட்டரில் 'டங்'கென்று பட்டால் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று அர்த்தம். "கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டு சைக்கிள் கெடாமலே செவுரு செவுரா அலையுது" என்று தங்கை சிரிப்பாள்.

வண்டி வாங்கின நாளிலிருந்து ஸ்டாண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாட்டேன் என்பேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பிப்பார்.

"ஊருக்கெல்லாம் போடுறீங்க, சொந்த மாப்பிள்ளைக்குப் போட மாட்டேங்கிறீங்களே மச்சான்."

"சொந்த மாப்பிள்ளைங்கிறதாலதான் போடல."

தங்கை நடுவில் புகுந்து, "உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மரை கழண்டிருக்கு, முதல்ல அதை முடுக்குங்க" என்பாள். அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதற்காகவே சில நாள் நானே பேச்சை ஆரம்பித்திருக்கிறேன்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா போனபோது அவள் இடுப்புக் குழந்தை. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான்தான். இன்றைக்கும் எனக்கு அவள் பாப்பாதான். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள், தங்கச்சி யாரோடு இருப்பாள் என்று. என்னோடு என்று சொன்னேன். அத்தோடு அவர்கள் திரும்பி வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

அவளுக்குக் கல்யாணம் பேசும்போது நான் வைத்த ஒரே நிபந்தனை, கடைக்கு மேல்மாடியிலேயே இருக்க வேண்டும் என்பது. மாப்பிள்ளை யோசிக்காமல் சரி என்றார். அவர்கள் மேலே, நான் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில். சாப்பாடு மூன்று பேருக்கும் ஒன்றாக. எங்களுக்கு என்ன குறை, சொல்லுங்கள்.

இந்த ஸ்டாண்டு பேச்சு விளையாட்டாக இருந்தது நின்று, நிஜமாகவே தேவையானது எப்போது என்றால், இந்தப் பக்கம் புதுக் கட்டடங்கள் வந்த பிறகு. தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி. சைக்கிளைச் சாய்க்கச் சுவரே கிடையாது. கண்ணாடியில் சாய்த்தால் காவலாளி விரட்டுகிறான். லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள், இவர் வெளியே வண்டியை எங்கே நிறுத்துவது என்று அலைகிறார். "மானம் போகுது மச்சான், ஒரு ஸ்டாண்டு போட்டுக் குடுங்க" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. நானும் அலுமினியம், குழாய், நசுங்கும் என்று முதலிலிருந்து விளக்கினேன். சரி என்று போய்விட்டார். அதுவரை நான் நல்ல அண்ணன்தான் சார்.

அந்த வாரமே ஒருநாள் தங்கை பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, அவருக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. பெரிய கம்பெனி. குடியிருக்க வீடும் குடுக்கிறாங்களாம்."

"போகப் போறீங்களா?"

"போகாம? எத்தனை நாள்தான் உனக்குப் பாரமா இருக்கிறது."

பாரம் என்றாள். எனக்கு அந்தச் சொல்தான் தாங்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. என்னை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வெங்காயம் என்று தெரிந்தது. அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். எனக்கு வலித்தது சார், வேறெப்படிச் சொல்வது.

யோசித்துப் பார்த்தேன். குடையை மறக்கிற ஆளை நம்பி, தெரியாத ஊருக்கு எப்படி அனுப்புவது? அங்கே ஒரு அவசரம் என்றால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் அந்த மனிதர் யோசிக்கவில்லை. யாராவது ஒருவர் யோசிக்க வேண்டுமே. மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது, "மாப்பிள்ளை, வண்டியை விட்டுட்டுப் போங்க, ஸ்டாண்டு போட்டு வைக்கிறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்து, "உங்கண்ணன் இறங்கி வந்துட்டாரு" என்று கத்தினார். தங்கை ஜன்னலில் வந்து நின்று கைதட்டினாள். ஊருக்குப் போவதை நான் மனதார ஒத்துக்கொண்டதாக இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போல்ட் இறுக்கும்போது போதும் என்று கையே சொல்லும். இத்தனை வருஷத்தில் என் கை தப்பாகச் சொன்னதில்லை. அன்றைக்கும் சொன்னது. நான் நிறுத்தவில்லை. அதற்கு மேல் திருப்பினால் ஸ்பேனர் இன்னும் கடினமாகும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இல்லை, லேசாகிவிடும். சோப்புக் கட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கும். குழாய் உள்ளே போகிறது என்று அர்த்தம். லேசான பிறகும் கொஞ்சம் திருப்பினேன். தகடு மூடிக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் ஒடிந்தால் போதும் என்று நினைத்தேன். லிஃப்ட் வேலைக்குக் கால் வேண்டும். கால் ஒடிந்தவனுக்காகப் பெரிய கம்பெனி காத்திருக்காது. அவர் கட்டிலில் கிடந்திருந்தால் மருந்து, சாப்பாடு, துணி மாற்றுவது எல்லாம் நானே பார்த்திருப்பேன். கொஞ்சமும் முகம் சுளித்திருக்க மாட்டேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், குழாய்க்கு அம்மியின் பலம் கிடையாது. ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன அடி விழும். அவர்கள் ஊருக்குக் கிளம்ப இன்னும் நாள் இருந்தது, காத்திருந்தேன். தினமும் வண்டி வெளியே போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அவர் சாயங்காலம் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டடி தள்ளிப்போய் அழகு பார்ப்பார்.

ஒருநாள் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "மச்சான், மிதிக்கும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. என்னன்னு பாருங்களேன்."

தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். தகட்டுக்குப் பக்கத்தில் பெயின்ட்மேல் முடி ஒட்டின மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. விரிசல். இங்கேதான் உட்கார்ந்திருந்தார் சார், நீங்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில். புது ஊரில் எனக்கும் ஒரு அறை ஒதுக்கி வைப்பதாகவும், கடையை மூடிவிட்டு வந்துவிடும்படி தங்கை சொல்லச் சொன்னதாகவும் பேசிக்கொண்டிருந்தார். அது நிஜமாகவும் இருக்கலாம். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். பெடல் அச்சுக்கும் விட்டேன். அந்தக் கோட்டைத் துணியால் துடைத்தேன்.

"கொஞ்ச நாள் சத்தம் இருக்கும் மாப்பிள்ளை, அப்புறம் அதுவே அடங்கிடும்."

"உங்க கை பட்டாச்சுல்ல, இனி எனக்கென்ன கவலை" என்று ஏறிப் போனார்.

மேட்டுத் தெருச் சரிவில் உடைந்தது. பின்சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து ஃபிரேமில் சிக்கியிருக்கிறது. பின்னால் கருவிப் பையின் கனம் வேறு. தலை நடைபாதைக் கல்லில் பட்டது. காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டபோது அழுதேன். நடிப்பு இல்லை.

வேலை போயிற்று, வீடும் போயிற்று. தங்கை இங்கேயே இருந்தாள். இறந்தவரை நினைத்தால் கஷ்டமாக இருந்தது. ஆனால் மேலே அவள் நடமாடும் சத்தம் கேட்கும்போது மனசு நிறைந்திருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பிறகு இன்னொரு சத்தம் வந்தது. சாயங்காலம் விளக்குப் போடும் நேரம் டிக், டிக் என்று, யாரோ மெதுவாக மிதித்துக்கொண்டு வருகிற மாதிரி. மரப்படி, அவள் ஏறி இறங்குகிறாள், வேறென்ன என்று நினைத்தேன். படிக்கு ஆணி அடித்தேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன். நான் பயந்த சுபாவம் இல்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் ஷட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. நான் எவ்வளவோ சொன்னேன். "இங்க இருந்தா அவர் வண்டி வர்ற மாதிரியே கேக்குதுண்ணே, என்னால முடியல" என்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. சரி, அவள் நினைப்பில் வருகிற சத்தம் அவளோடு போய்விடும் என்று இருந்தேன். போகவில்லை சார். மேலே ஆள் இல்லை, படியில் யாரும் ஏறுவதில்லை, சத்தம் மட்டும் வருகிறது. முன்பு தெருமுனையில் கேட்டது. இப்போது ஷட்டருக்கு வெளியிலேயே கேட்கிறது. அதனால்தான் நீங்கள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

எழுதுவதானால் இன்னொன்றையும் எழுதுங்கள். வேலைக்குப் போய்வர அவளுக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. நானே பார்த்து வாங்கிக் கொடுத்தேன். இதே ரகம், லேசான வண்டி. ஸ்டாண்டு வேண்டாம்ணே என்றாள். நான் கேட்கவில்லை, போட்டுத்தான் அனுப்பினேன்.

எதற்கு எழுந்துவிட்டீர்கள்? பதறாதீர்கள் சார். மாப்பிள்ளை வண்டிக்கு இறுக்கினதில் பாதிகூட இதற்கு இறுக்கவில்லை. சத்தம் வருகிற அளவுக்குத்தான். சத்தம் வந்தால் அவள் வேறு கடைக்குப் போக மாட்டாள், என்னிடம்தான் கொண்டுவருவாள். மேல் அறையைக் கூட்டி, படுக்கைக்கு உறை மாற்றி வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு ஒன்றும் ஆக விடமாட்டேன். அண்ணன் என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்?