ஒன்பதாம் எண் வீட்டின் சிவப்புத் திரை

நவம்பர் 14, வியாழன். ஒரு சிறு தவறு. பாடகி லெட்டீசியா பிரிம்பிளின் நீலப் பலகை கோட்டைச் சந்தில் ஒன்பதாம் எண் வீட்டுச் சுவரில் இருப்பதாகப் போன வார ஊர் வரலாற்றுப் பாடத்தில் நான் எழுதியது பிழை. பதினொன்றில்தான் இருக்கிறது என்று ஆசிரியர் அடித்துத் திருத்தினார். நேரில் பார்த்ததுதான். ஆனால் பனிமூட்டம்... நெருங்கிப் போய்ப் பெயரைப் படிக்கவில்லை.

"ஒன்பதா?" என்றாள் பக்கத்து நாற்காலியில் உட்காரும் மாட். மாலை வகுப்பு முடிந்து, பேருந்து வரும்வரை எல்லோரும் ஹீட்டரைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்த நேரம். "அது எங்க பெரியம்மா மக நெஸ்டா வீடு. அங்க நடந்தது உங்களுக்குத் தெரியாதில்ல?"

"பேய்க் கதையா? பிஸ்கட் தீர்றதுக்குள்ள பேய் வந்துடுமா?" என்றார் குழாய் வேலை செய்யும் ராட்னி.

"நீ வாயை மூடினா வரும்."

மாட் சொன்னது இது. மூன்று வருடத்துக்கு முன்பு, இதே நவம்பர். மாலை ஐந்து மணி. இருட்டிவிட்டது. கோட்டைச் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை.

மறுநாள் பதினொன்றாம் எண் வீட்டில் பாடகியின் பலகைத் திறப்பு விழா. பேர் பெற்றவர்கள் வாழ்ந்த வீட்டில்தான் இந்த ஊரில் பலகை பதிப்பார்கள். செத்து இருபது வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. பலகையைப் பதித்து, மேயர் வந்து கயிற்றை இழுக்கும்வரை குட்டிச் சிவப்புத் திரையால் மூடியிருந்தார்கள்.

அடுத்த வீடான ஒன்பதில் நெஸ்டாவுக்கு வயிறு எரிந்தது. சந்தின் அந்தப் பக்கம் ஒற்றை எண்கள்தான்; இரண்டும் ஒட்டிய வீடுகள். ஒரே செங்கல், ஒரே ஓடு. பதினொன்றில் புதிதாகக் குடிவந்த ஹிலரிக்கு மேயர், பத்திரிகைக்காரர், கூட்டம். போதாததற்குக் காலையில் அவள் வேலிக்கு மேலாகச் சொன்னது வேறு.

"நெஸ்டா கண்ணு, உன் குப்பைத் தொட்டியைக் கொஞ்சம் உள்ள எடுத்து வச்சிடு. படத்துல விழும்."

ஹிலரி முடி அலங்காரத்துக்குப் போயிருந்தாள். பதினொன்றின் பலகையைக் கழற்ற நெஸ்டா திருப்புளியோடு முக்காலியில் ஏறினாள். முதல் திருகு கழன்றது. அப்போது... வயலட் பூ வாசனை. இருண்ட வீட்டுக்குள்ளிருந்து, சுவரின் மறுபக்கத்தில் ஒருத்தி குரல் பழகும் சத்தம். மேலே... இன்னும் மேலே.

"செத்தும் உனக்குத்தானா எல்லாம்?" என்று முனகினாள் நெஸ்டா. "எனக்கு ஒண்ணு வந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

குரல் நின்றது.

பிறகு மறுபடி கேட்டது. இந்த முறை பக்கவாட்டில், அவளுடைய வீட்டுக்குள்ளிருந்து. திரும்பினாள். ஒன்பதாம் எண் சுவரிலும் ஒரு சிவப்புத் திரை. காற்றே இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பயந்தாள். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இழுத்தாள்.

ஈரமான நீலப் பலகை. நெஸ்டா பர்கிஸ் இங்கே வாழ்ந்தார். பிறந்த வருடம் சரி. இறந்த வருடம்... அன்றைக்கு இருபது வருடம் முந்தையது.

"மறுநாள் விழாவுக்கு நான் போனேன்," என்றாள் மாட். "எல்லாரும் கை தட்டினாங்க. ஒன்பதாம் எண் வாசல்ல ஒரே ராத்திரியில முழங்கால் உயரத்துக்குப் புல்லு. நெஸ்டா எங்கன்னு ஹிலரியைக் கேட்டா, 'யாரது? அந்த வீடு நான் வரும்போதே பூட்டித்தானே கிடந்தது'ங்கறா."

ராட்னி பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "சரி, தனியா நின்னு அவ பார்த்ததெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"அவதான். போன வியாழக்கிழமை." மாட் ஹீட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். "இன்னும் அதே வயித்தெரிச்சல். யாரோ ஒரு பொண்ணு பனியில நின்னு, அவ பலகையைப் பார்த்து எழுதிட்டுப் போச்சாம். ஆனா பேரை மட்டும் அந்தப் பாடகியோடதா போட்டுடுச்சாம். அந்தப் பொண்ணோட வீடு எங்கன்னு தெரிஞ்சா நேர்ல வந்து கேட்கணும்னா."

பேருந்து வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நாளைய வேலை: பகலிலேயே கோட்டைச் சந்துக்குப் போய், ஒன்பதாம் எண் வீட்டுப் பலகையை நெருங்கிப் படித்து, நெஸ்டா பர்கிஸ் என்று சரியாக எழுதி வர வேண்டும்.