திருப்பிச் சுற்றாத ரீல்

இரவு பதினொன்றே கால். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், கம்பெனிகளுக்குப் பின்னால் போகும் சாலை. ஒரு நாய்கூட இல்லை. நம் ஜோனத்தானின் சித்தப்பா அசரியா ஸ்கூட்டரில் தனியாக வருகிறார். பின்னால் கட்டிய புரொஜெக்டர், காலடியில் தகர டப்பா. உள்ளே ஒரு சினிமாப் படம்... வினோத், அந்த டார்ச்சை அணை. கரண்ட் வரும்போது வரட்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெயர்கூட யாருக்கும் தெரியாது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள்... மரத்தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள். கடைசியில் சின்னவள் தவறி விழுந்துவிடுகிறாள். மூன்று பேர் மட்டும் கரையேறுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

சித்தப்பா சர்ச்சுகளில் புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டுகிறவர். முடிந்ததும் புரொஜெக்டர் விளக்கை அணைக்காமலே ரீலைத் திருப்பிச் சுற்றுவார். திரையில் எல்லாம் பின்னோக்கி ஓடும். சின்னவள் தண்ணீரிலிருந்து துள்ளி எழுந்து தெப்பத்தில் உட்காருவாள். பிள்ளைகள் சிரியோ சிரி என்று சிரிப்பார்கள். ஒருநாளும் சுற்றாமல் விட்டதில்லை.

"சுத்தலன்னா இன்னாடா ஆகும்?" என்கிறான் வினோத். கேள்.

அன்றைக்குத் தாம்பரத்தில் படம். முடியும் நேரத்தில் மனைவி கிருபாவின் போன். "அனு சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா. முட்டியில கட்டு போட்டிருக்கு. நீங்க வராம தூங்க மாட்டேங்குறா." ஆறு வயது. ஒரே பிள்ளை. மனுஷர் பதறிவிட்டார். ரீலை அப்படியே டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பாதி வழியில் சத்தம்... களக்... களக். டப்பாவுக்குள் தண்ணீர் தளும்புவது போல. நிறுத்தித் திறந்தார். காய்ந்த ரீல். ஆனால் ஆற்றுச் சேற்று வாடை. வண்டியை விரட்டினார்.

வாசலில் கிருபா. "யாருங்க அந்தச் சின்னப் பொண்ணு? உங்க வண்டியில இருந்து இறங்கி நேரா உள்ள போச்சு. தொப்பலா நனைஞ்சிருந்துச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தார். கட்டிலில் பிள்ளை, தலைவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. வீட்டில் வேறு யாருமில்லை. அப்போதுதான் அவருக்கு ரீல் ஞாபகம் வந்தது. கூடத்திலேயே புரொஜெக்டரை வைத்துத் திருப்பிச் சுற்றினார்.

சுவரில் ஆறு. கரையேறிய மூன்று பேர் பின்னோக்கி நடந்து தெப்பத்துக்கு வருகிறார்கள். தண்ணீர் சுழிக்கிறது. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை எழுந்து வருகிறது...

முகம் சின்னவளுடையது இல்லை. முட்டியில் கட்டு.

பின்னால் சொட்... சொட். சில்லென்று ஒரு சின்னக் கை, அவர் கையைத் தள்ளிவிட்டு சுவிட்சை அணைத்தது.

"போதும்ப்பா. இனிமே சுத்தாதீங்க."