செட்டிலிருந்து காப்ஸ்யூலை எடுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் மருந்து வணிகர் சங்கப் பெரியவர்களே, பசுவந்தனையிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் முதலாளி செண்பகராஜ் அண்ணாச்சி அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மாரிசெல்வி. அண்ணாச்சியின் துணைவியார், மறைந்த மருந்தாளுநர் செல்வலட்சுமி அம்மையாருக்குக் கீழே அவருடைய மெடிக்கலில் வேலை பார்த்தவள், நானும் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். மேடைப் பேச்சு எனக்கு வராது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதியதைப் படிக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் காய்ச்சலோ, சளியோ, மேல்வலியோ, எது வந்தாலும் மெடிக்கலில் போய் “ஒரு செட் குடுங்க” என்போம். ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு காப்ஸ்யூல். கத்திரியால் நறுக்கி, தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெள்ளையும் மஞ்சளும் காய்ச்சலுக்கும் வலிக்கும். காப்ஸ்யூல்தான் ஆன்டிபயாடிக், கிருமியைக் கொல்கிற மருந்து. தேவையில்லாமல், அதுவும் அரைகுறையாகத் தின்றால் கிருமி அந்த மருந்தையே எதிர்க்கப் பழகிவிடும். பிறகு உண்மையாகவே உயிருக்கு ஆபத்து வரும்போது மருந்து கேட்காது.

இந்த ஊரில் அந்தக் காப்ஸ்யூலைச் செட்டிலிருந்து எடுத்தது யார்? எங்கள் செல்வலட்சுமி அக்கா! டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று முதன்முதலில் நின்றது யார்? எங்கள் செல்வலட்சுமி அக்கா!

தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போகும் பெருமாயி அத்தை அன்று பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

“ஏம்மா, செட்டுல ஒண்ணு குறையுதே?”

“குறையல அத்தை. கூடுதலா கெடந்ததை எடுத்துட்டேன்.”

“அப்பம் துட்டையும் எடுத்துரு. பல்லைப் புடுங்குன பாம்பை வச்சு வித்தை காட்டுதியா?”

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் காப்ஸ்யூலைக் கொடுக்கவில்லை. எத்தனை பேர் வேறு கடைக்குப் போனார்கள்! போனவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். கவுண்டரில் அவர் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: “வேற என்ன மாத்திரை போடுதீங்க? மறைக்காமச் சொல்லுங்க.” அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் மருந்து கை மாறாது.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று வந்தது. டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டார். போனது, திரும்பி வந்தது. மறுபடியும் மருந்து. மூன்றாம் முறை குளிரில் உடம்பு தூக்கிப்போட, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் டாக்டர், அக்காவின் கேள்வியையே அக்காவிடம் கேட்டார். “வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, முட்டுவலிக்குத் தெனமும் போடுதியே, அதைச் சொல்லு.”

“சும்மா இருங்க. அதெல்லாம் ஒரு மாத்திரையா? டீ குடிக்க மாதிரி.”

நாங்கள் சிரித்தோம். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோது, கொடுத்த மருந்துகளில் பெரும்பாலானவற்றை அந்தக் கிருமி எதிர்த்தது தெரிந்தது. எங்கள் அக்கா உயிரோடு வீடு திரும்பவில்லை.

அந்த டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். குடலில் வாழும் ஒருவகைக் கிருமியை, ஆன்டிபயாடிக்கோடு சாதாரண வலி மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்களாம். ஆன்டிபயாடிக் மட்டும் இருந்ததைவிட, கூட்டுச் சேர்ந்தபோது கிருமி அதிகமாக உருமாறி, உள்ளே நுழைகிற மருந்தை வெளியே தள்ளப் பழகிவிட்டதாம். இது கண்ணாடித் தட்டில் கண்டது. மனித உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை. அக்காவின் உயிரை வலி மாத்திரைதான் எடுத்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் எனக்கு ஆறவில்லையே! காப்ஸ்யூலைத் திருடன் என்று வெளியே நிறுத்தினோம். வெள்ளையையும் மஞ்சளையும் வீட்டுப் பிள்ளை என்று உள்ளே விட்டோம். மிளகாய் பறிக்கப் போகுமுன் ஒன்று, களையெடுத்துவிட்டு வந்து ஒன்று என்று வாங்கிப்போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டோமா? அவற்றை நாங்கள் மருந்தாகவே நினைக்கவில்லை. அக்கா, ஊரையெல்லாம் கேட்ட கேள்விக்கு நீங்களே தவறான பதில் சொல்லிவிட்டீர்களே! பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தால்கூட உங்களோடு சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

என் மகள் காவியாவுக்கு உடம்பு சுட்டால், இப்போது காய்ச்சல் மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறேன். கொடுக்கத்தான் செய்கிறேன். டாக்டர் சொன்ன அளவுக்கு, தேவையான நாளைக்கு மட்டும். ஆனால் முன்பிருந்த நிம்மதி இல்லை.

இதைவிடப் பெரிய துரோகம் ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அடக்கம் முடிந்து கடையைப் பாதி திறந்த அன்றே வந்தீர்கள்.

“மாரி, அவியதான் போயிட்டாவளே. இனி அந்தக் காப்ஸ்யூலையும் சேத்து மடி.”

“அம்புட்டுப் பத்தியம் பாத்த அவியளுக்கே மருந்து கேக்கல. நாம எதுக்குட்டி பத்தியம் பாக்கணும்?”

இதுதானா நீங்கள் அவருக்குப் போட்ட மாலை? அவருக்கு மருந்து கேட்கவில்லை என்றால், கிருமி அவ்வளவு தூரம் பழகிவிட்டது என்று பொருள். அதை இன்னும் பழக்கவா வருகிறீர்கள்? அவர் அடைத்தது ஒரு வாசல். இன்னொரு வாசலும் இருக்கலாம் என்று தெரிந்தால் அதையும் பார்ப்பீர்களா, அடைத்ததையும் திறந்துவிடுவீர்களா?

அண்ணாச்சி, உங்களிடம்தான் பேசுகிறேன். பதிவு பெற்ற மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் இல்லாமல் மெடிக்கல் நடத்த முடியாது. அக்காவின் சான்றிதழை எடுத்த இடத்தில் ஆணி மட்டும் நிற்கிறது. நாளை முதல் என்னுடையதை மாட்டச் சொல்லியிருக்கிறீர்கள். “வாரவங்க கேட்டா என்னம்மா செய்ய, ஏவாரமும் நடக்கணும்லா?” என்றும் சொன்னீர்கள். எனக்கும் இந்தச் சம்பளம் வேண்டும். வீட்டில் பிள்ளை இருக்கிறது.

செல்வலட்சுமி அக்காவின் பெயரால் இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். சீட்டு இல்லாமல் அந்தக் காப்ஸ்யூல் என் கையால் போகாது. தினமும் வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, எத்தனை நாளாக, எதோடு சேர்த்து என்று கேட்பேன். டாக்டரைப் பாருங்கள் என்பேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, இதற்குச் சம்மதம் என்றால் காலையில் சான்றிதழோடு வருகிறேன். இல்லையென்றால், அந்த ஆணியில் என் பெயர் ஏறாது.