முதல் டம்ளர்

விடியக்காலை நாலு மணி. ரயில் பாதையை ஒட்டிப் போகிற அந்தச் சாலையில் ஒரு நாய்கூடக் கிடையாது. ஒரே ஒரு ஸ்கூட்டர் மட்டும் வருகிறது... பின்னால் கட்டிய பெட்டிக்குள் காலி பாட்டில்கள். டக்... டக்... டக்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள். இது நம் எலக்ட்ரீஷியனுடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது. ஆள் இப்போதும் இருக்கிறான், போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்டால் எழுந்து போய்விடுவான், அது வேறு விஷயம்.

அவனை எல்லோரும் 'பாட்டில்' என்றுதான் கூப்பிடுவார்கள். தப்பாக நினைக்காதீர்கள், ஒரு சொட்டுத் தொட மாட்டான். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை. எந்தக் குழாய்த் தண்ணீரில் என்ன கலக்கிறது, ஜனங்கள் அதைக் குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்கிற இடம் அது. இவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவான்.

அன்றைக்கு அவன் போனது சொந்த அக்கா வீட்டுக்கு.

அக்கா மகளுக்கு நாலு வயது. பட்டப்பெயர் வாயாடி. மாமாவைக் கண்டால் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கிவிடும். அந்தக் குழந்தை கொஞ்ச நாளாகத் தெரிந்த வார்த்தையை எல்லாம் மறக்க ஆரம்பித்தது. நேற்று 'செருப்பு' என்று சொன்னது, இன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறது. ஓயாத வயிற்று வலி வேறு. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "ஈயம் ஏறியிருக்கும்மா. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. போன வார்த்தை திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம்" என்றார்.

பாட்டிலுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்தத் தெருவில் அக்கா வீட்டில் மட்டும்தான் இன்னும் பழைய ஈயக் குழாய். வீட்டுக்காரர் மசிகிற ஆள் இல்லை. ஆனால் 'தண்ணீரில் ஈயம்' என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டால், தோண்டி மாற்றியே ஆகவேண்டும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ராத்திரி முழுக்கக் குழாயைத் திறக்கக் கூடாது. தண்ணீர் அசையாமல் நின்றால்தான் ஈயம் அதில் இறங்கும். காலையில் முதலில் விழுகிற ஒரு டம்ளர் இருக்கிறதே... விஷம் அத்தனையும் அதில்தான். பின்னால் வருவது நல்ல தண்ணீர். அதனால்தான் வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன்னால் போகிறான்.

அக்கா தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். இவன் சமையலறை விளக்கைப் போட்டான்.

குழாய் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே தொட்டி ஈரம்.

"யாருக்கா குழாயத் தொறந்தது? அத்தானா?"

"அவரா? தலைல இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. ராத்திரி பாத்திரம் கழுவினதோட சரி, யாரும் தொடலடா."

வந்ததுக்குப் பிடித்துக்கொண்டு போனான். முடிவு, சுத்தமான தண்ணீர். அடுத்த தடவையும் தொட்டி ஈரம். அடுத்த தடவையும் சுத்தம். "உங்க ஆபீஸே நல்ல தண்ணின்னு சொல்லுது, அப்புறம் என்னப்பா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அக்கா தினமும் முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுத்தான் எதற்கும் பிடித்தாள். அப்படியும் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே போனது. வாயாடிக்கு ஜன்னல் மறந்தது. நிலா மறந்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் இவனை நிறுத்தி, "குழந்தை ராத்திரில தண்ணி கேக்குமா?" என்று கேட்டார்.

"எல்லாக் குழந்தையும் கேக்குமே. ஏங்க?"

அவர் குனிந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி பாட்டில் அங்கேயே தங்கினான். குழாய்த் திருகைச் சுற்றி டேப் ஒட்டி இறுக்கினான். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடவே இல்லை என்று சத்தியம் பண்ணுவான்.

முதலில் வாசனைதான் வந்தது... ஈர இரும்பு வாசனை. சின்ன வயதில் சில்லறைக் காசை வாயில் போட்டுக்கொண்டால் நாக்கில் ஒட்டுமே, அது மாதிரி. பிறகு சுவருக்குள் குழாய் முனகியது. அப்புறம் டம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம்... அடியில் விழும்போது கணீரென்று... நிறைய நிறைய அமுங்கி அமுங்கி... நின்றது.

எதிரே குழாய் சும்மா இருக்கிறது. டேப் ஒட்டினது ஒட்டினபடி.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. ஜில்லென்று என்னவோ அவனை உரசிக்கொண்டு போனது... மெதுவாக... தண்ணீர் சிந்திவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வைக்கிற நடை.

படுக்கையறையில்... மடக்... மடக்... மடக்...

கால் வந்ததும் ஓடினான். வாயாடி படுக்கையில் உட்கார்ந்திருந்தது. முகவாயெல்லாம் ஈரம். மடியில் காலி டம்ளர். பக்கத்திலேயே அக்கா அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள்.

"யாரும்மா தண்ணி குடுத்தா?"

"ராத்திரி அம்மா."

"எந்த அம்மாடா கண்ணு?"

"தாகம்னு சொன்னா... வருவாங்க. தலை தடவுவாங்க." கொஞ்சம் யோசித்து, "நல்ல அம்மா" என்றது.

அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. ராத்திரியெல்லாம் குழாயில் ஊறினதை ஒரு துளி விடாமல் யாரோ பிடித்துக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மிச்ச நல்ல தண்ணீர்தான் இவன் பாட்டிலுக்கு வந்திருக்கிறது.  கெட்டதாக இருந்தால் திட்டலாம், துரத்தலாம். பிரியமாகக் கொடுக்கிறவளை என்ன செய்வது? இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, குடுக்காதீங்க... அது விஷம்" என்று கெஞ்சினான். 

அந்த வாரமே வீட்டைக் காலி பண்ணினார்கள். ஊருக்கு மறுகோடியில் புதுக் கட்டிடம், மூன்றாவது மாடி, முழுக்கப் பிளாஸ்டிக் குழாய். மருந்துக்குக்கூட ஈயம் கிடையாது என்று பாட்டிலே குடைந்து பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னான். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அடுத்த ரத்தச் சோதனையில் இன்னும் ஏறியிருந்தது.

மறுநாள் விடியும் முன்னால் ஓடினான். குழந்தையின் தலைமாட்டில் ஒரு டம்ளர். அக்கா வைத்ததில்லை. அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. பாட்டிலில் ஊற்றிக் கையோடு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனான்.

கெமிஸ்ட் மேடம் மெஷினில் வைத்துப் பார்த்தார். சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா இது! என் சர்வீஸ்ல இவ்வளவு ஈயம் பாத்ததே இல்ல. இன்னிக்கே தோண்டச் சொல்லிரலாம். எந்தக் குழாய்ல புடிச்ச?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவன் அத்தனை விடியக்காலை அலைந்தான்! வாயைத் திறந்தான்... என்னவென்று சொல்வான்?

"சொல்லுப்பா. எந்தக் குழாய்?"

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தண்ணீரை வைத்துக்கொண்டு எந்த ஆபீஸாலும் எதையும் தோண்ட முடியாது. மேடம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவராலும் அவ்வளவுதான் முடிந்தது.

அதற்கப்புறம் அவர்கள் இன்னும் இரண்டு வீடு மாறினார்கள். அக்காவும் அத்தானும் முறைபோட்டுக்கொண்டு குழந்தையின் கையைப் பிடித்தபடி விழித்திருப்பார்கள். விடிகிற நேரத்தில் எப்படியோ கண் அசந்துவிடும்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி வாயாடி எழுந்து உட்கார்ந்து, உதட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. வாயைத் திறந்து திறந்து பார்த்தது. தாகம் என்கிற வார்த்தையும் போய்விட்டது. அக்கா குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே பாட்டிலிடம், "இனிமே அவளால கூப்பிட முடியாதுடா... கூப்பிடாட்டி அது வராதுல்ல? இருக்கறதாவது மிஞ்சும்ல?" என்றாள். இவனும் ஆமாம் ஆமாம் என்றான். அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகப் படுத்தார்கள்.

கேட்காமல் கிடக்கிற குழந்தைக்கு எவ்வளவு தாகமோ என்று அந்த ராத்திரி அம்மா நினைத்துவிட்டாள் போலிருக்கிறது...

விடிந்து பார்த்தால், தலைமாட்டில் இரண்டு டம்ளர். இரண்டும் காலி.