பத்தொன்பது நாள் நின்ற சாரம்

உங்கள் ஸ்டேஷனுக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருக்கிறவன் யாரென்று தெரியவில்லை. தெற்கு மூலைக் கால் வெறும் மண்ணில் நிற்கிறது. அடியில் கனமான பலகை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மழை பெய்தால் ஒரு பக்கம் இறங்கிவிடும். கைவிலங்கோடு வரும்போதும் என் கண் அங்கேதான் போயிற்று. பதினாறு வருடப் பழக்கம், சட்டென்று விடாது.

என் பெயர் ஜான்ரோஸ். வயது நாற்பத்தெட்டு. கல்ஃபில் சாரப் பரிசோதகனாக இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு குழித்துறைப் பக்கம் பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். தினமும் காலையில் சாரத்தைச் சுற்றி வர வேண்டும். கால்கள் நேராக நிற்கின்றனவா, பலகைகளைக் கட்டியிருக்கிறார்களா, சாரத்தைக் கட்டடத்தோடு பிடித்து நிறுத்தும் கிளாம்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சரியென்றால் ஏணியடியில் பச்சைச் சீட்டு. இல்லையென்றால் சிவப்பு. சீட்டில் தேதி, நேரம், என் கையெழுத்து. கல்ஃபில் என் சிவப்புச் சீட்டைப் பார்த்துவிட்டு எண்ணூறு பேர் வெயிலில் நின்றிருக்கிறார்கள். மேலாளர் வந்து கெஞ்சியும் நான் மாற்றவில்லை. ஒருவனும் ஏறவில்லை.

இங்கே ஏறினார்கள்.

கிழக்குப் பக்கச் சாரத்துக்கு முதல் நாளே சிவப்புப் போட்டேன். நான்கு கிளாம்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. அது பொய்யில்லை, எழுதிக்கொள்ளுங்கள். என்ஜினியர் அனீஷிடம் சொன்னேன். "சாமான் வந்துகிட்டு இருக்கு சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார். கொத்தனார்களுக்குத் தலைவர் ரசலையன். ஐம்பத்தைந்து வயது, கமுகு மரத்தில் சாரம் கட்டி ஏறிப் பழகியவர். என் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து அதன் மேல் தொங்கப் போட்டார்.

"சாரே, தோர்த்து போட நல்ல எடமாக்கும் இது. ஏறுங்க மக்கா."

"விழுந்தா யாரு பதில் சொல்லுகது?" என்று கேட்டேன்.

"எனக்க காலுக்குத் தெரியும் சாரே. அது உமக்க சீட்ட வாசிச்சு ஏறப் படிச்சதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதிலிருந்து பத்தொன்பது நாள். தினமும் நான் சிவப்புப் போடுவேன், தினமும் அதன் மேல் தோர்த்து விழும். என் சீட்டுக்கு 'வெற்றிலை' என்று பேர் வைத்தார்கள். சிவக்குமே தவிர வேறொன்றும் செய்யாதாம். சாயங்காலம் இறங்கி வரும்போது ரசலையன் குழாயைத் தட்டிக் காட்டுவார். "இன்னைக்கும் விழல்லியே சாரே." எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. அவர் மேல் மட்டுமல்ல, அந்தச் சாரத்தின் மேலும் வந்தது. அது தப்பென்று சொன்னவன் நான். அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்தது.

முகம் சுளிக்க வேண்டாம், யோசித்துப் பாருங்கள். தப்பான சாரம் விழாமல் நிற்பதைவிட ஆபத்து வேறு உண்டா? ஒவ்வொரு நாளும் அது ஐம்பது பேருக்குப் பொய்யைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறது. இவர்கள் நாளைக்கு மார்த்தாண்டம் போவார்கள், நாகர்கோவில் போவார்கள், அங்கேயும் சிவப்பின் மேல் தோர்த்துப் போடுவார்கள். ஒரே ஒருமுறை விழுந்தால் போதும், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். அம்மை குத்துகிற மாதிரிதான். கொஞ்சம் காய்ச்சல் வரும், நோய் வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். காவலாளி முத்துநாயகம் கதவைத் திறந்து, "லீவு நாளும் விட மாட்டியளா சாரே?" என்றார். எட்டாம் மாடியில் கட்டடத்துக்குள் நின்றபடியே ஜன்னல் இடைவெளி வழியாக ஸ்பேனரால் ஆறு கிளாம்புகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பலகையைத் தாங்கும் குறுக்குக் குழாய்களை ஒப்புக்கு நிற்கும் அளவுக்கு இளக்கினேன். கீழே வந்து ஏணியடியில் புதுச் சிவப்புச் சீட்டு ஒன்றை மாட்டினேன். ஏறாதே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. மீறி ஏறினால் அது ஏறுகிறவன் பாடு. இதைவிட நேர்மையாக ஒருவன் எப்படி நடந்துகொள்வது?

தம்பி அனுப்பிய வக்கீல் என்னை இத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நான் நிறுத்துவதாக இல்லை. செய்ததில் பாதியைச் சொல்லி மீதியை மறைக்கிற கோழையல்ல நான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரசலையன் வந்தார். ஏணியடியில் நின்று சீட்டைப் பார்த்தார். பின்னால் வந்தவர்களைக் கையால் தடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சாரே, நேத்து எனக்க மவ பிரீனா பிள்ளையக் கொண்டு வந்திருந்தா. பேரன் மடியில கெடந்து ஒறங்குகான், எனக்கு மனசுக்குள்ள என்னமோ போல ஆச்சு. சீட்டுக்க மேல தோர்த்து போட்டது எனக்க தப்புதான், கேட்டியளா. இனி நீங்க பச்சை போடாம நாங்க ஏற மாட்டம்."

அதுவரை என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னார். பிறகு எல்லோரும் மணல் குவியலில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். அனீஷ் வந்து கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. என் ஒரு சீட்டுக்காக ஐம்பது பேர் வேலையை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மனம் குளிர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எரிச்சலாக இருந்தது.

பையில் இருந்த கிளாம்புகளை அப்போதே திரும்ப மாட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மாட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலைதான்.

நான் ஐந்தாம் மாடி வரை ஏறினேன். பரிசோதிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன். எட்டு ஐம்பதுக்குச் சிவப்புச் சீட்டை எடுத்துவிட்டுப் பச்சையைப் போட்டேன். உங்கள் மேசையில் இருக்கும் சீட்டு அதுதான், கையெழுத்தும் என்னுடையதுதான். ரசலையன் கிட்டே போய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஏணியில் கால் வைத்தார். முதலில் ஏறுவது எப்போதும் தலைக்கொத்தனார்தான், அது அவர்கள் வழக்கம். எட்டாம் மாடியில் அவர் நின்ற தட்டு அப்படியே சரிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்கிறீர்கள். கேட்க மாட்டேன். இப்போது அங்கே எவனாவது சீட்டைப் பார்க்காமல் ஏறுகிறானா என்று விசாரித்துப் பாருங்கள். பச்சையைப் பார்த்தாலும் ஏற மறுக்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கட்டும், நல்லதுதான்.

ஐயா, நீங்களே சொல்லுங்கள். அவர் என் பேச்சைக் கேட்டுக் கீழேயே உட்கார்ந்திருந்து, சாரமும் விழாமல் நின்றிருந்தால், நான் சொன்னது சரி என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?